பச்சைக் கதவு திறக்கப் பதினோரு நிமிடம்

திரைப்படச் சட்டகத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று காட்டும் கருவி வந்த ஆறே மாதத்தில், உலகம் முழுக்க முப்பத்தேழு சினிமா மேதைகள் அந்தப் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்கள். செத்துப்போனவர்கள் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார்கள்.

கருவிக்குப் பல்கலைக்கழகக் கலைச்சொல் குழு வைத்த பெயர் 'சட்டகப்புற ஒளிமீட்பகம்'. அதற்காக நான்கு கூட்டம் நடந்தது, நான்கிலும் வடை உண்டு. கருவியை இயக்கும் டெல்பின் வைத்த பெயர் 'எட்டிப்பார்'. அதற்குக் கூட்டம் தேவைப்படவில்லை.

விஷயம் எளிது. ஓர் அறையில் விளக்கைப் போட்டால் ஒளி நடிகர் முகத்தோடு நின்றுவிடுவதில்லை. எதிர்ச் சுவரில் பட்டு, பித்தளைச் சொம்பில் வழுக்கி, நாயகியின் கண்மணியில் மினுங்கி, கேமராவுக்குப் பின்னால் நின்று காது குடைந்தவரின் சாயலையும் துளித்துளியாகக் கொண்டுவந்து படச்சுருளில் சேர்த்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது. எட்டிப்பாருக்குத் தெரியும். கேமரா அசையாமல் நீளமாக எடுத்த காட்சி என்றால் திருமண ஆல்பம்போலத் தெரியும்.

விளைவு, வடதேசத்து மேதை ஒருவரின் நாயகி ஏழு நிமிடம் அழுத காட்சி. மூன்று தலைமுறை மாணவர்கள் அதைப் பிரிவின் துயரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நான்கு கொசுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இன்னொருவர் படத்தில் முடிவே இல்லாமல் பெய்யும் மழைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரியும், குழாயை மூடாமல் தூங்கிப்போன ஓட்டுநரும் இருந்தார்கள். அந்த மழையைப் பற்றி மட்டும் ஒன்பது நூல்கள் வந்திருந்தன.

சென்னையில் நம் பல்கலைக்கழகத்துத் திரைப்பட ஆய்வுத் துறை இதையெல்லாம் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தது. தங்களிடம் இருந்த ஒரே மேதை அசைக்க முடியாதவர் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

அந்த மேதையின் பெயர் நீலமேகம். படம், 'பச்சைக் கதவு வீடு'. எண்பதுகளின் தொடக்கத்தில் வெளியாகி நான்கு நாள் ஓடியது. குடும்பப் படம் என்று நம்பி வந்தவர்கள், ஆரம்பத்திலேயே ஒரு மூடிய கதவைப் பதினோரு நிமிடம் பார்க்க வேண்டியிருந்தது. கதவு, மேலே மாவிலைத் தோரணம், ஓரத்தில் ஒரு சொம்பு. அவ்வளவுதான். பத்தாவது நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு கதாநாயகன் வருவான். மூச்சு வாங்கும். எங்கோ பார்த்துத் தலையைக் குனிவான். திரை இருண்டுவிடும். வெளியூர்த் தியேட்டர்களில் ஆபரேட்டர்கள் இந்தச் சுருளை மாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வருவார்கள் என்று சொல்வதுண்டு.

முப்பது வருஷம் கழித்து, குளிர் தேசத்துத் திரைப்பட விழா ஒன்று அதைத் தூசு தட்டி எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை தட்டியது. கம்பளிக் கோட்டு மாட்டி மேடையேற்றப்பட்ட நீலமேகத்திடம் ஏன் பதினோரு நிமிடம் என்று கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "காலத்தைக் காட்ட நினைத்தேன்" என்றார். அடுத்த வருஷம் காலமானார். வேறு விளக்கம் தர வாய்க்கவில்லை.

விளக்கும் பொறுப்பைப் பேராசிரியர் சிற்சபேசன் ஏற்றுக்கொண்டார். 'கதவும் காலமும்' என்ற அவருடைய நூலில் அந்தப் பதினோரு நிமிடத்துக்கு ஆறு அத்தியாயம். வகைமையில் இது மந்தகதிச் சினிமா. உத்தியில் அசையாப் பார்வை. காற்றில்லாத கூடத்தில் மாவிலை நடுங்குவது ஒரு நாகரிகத்தின் அச்சம். நாயகன் தலைகுனிவது தந்தைக்குக் கொள்ளி வைக்க வராத மகனின் ஆதிக் குற்ற உணர்வு. கடைசி இருட்டு மரணம். ஐந்தாம் அத்தியாயம் 'ஆசிரியன் இன்மை'. அதில், "இந்தக் காட்சியில் இயக்குநர் இல்லை, கேமரா மட்டுமே இருக்கிறது" என்ற வரியைத் துறை வாசலில் பலகையாகவே மாட்டியிருந்தார்கள்.

அந்த நூலை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள் இசக்கியம்மாள். வயது முப்பத்தாறு. ஆய்வுக்கு ஒன்பது, மகளுக்கு ஏழு. வீட்டில் மூத்தது ஆய்வுதான் என்று கணவர் சொல்வார். பகலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கும். கோவில்பட்டி அரசுக் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, மாத முடிவுக்குள் தற்காலிகப் பட்டச் சான்றிதழாவது காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நானூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு ஏற்கப்பட்டாயிற்று. பாக்கியிருந்தது வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டெல்பின் கூப்பிட்டாள்.

டெல்பின் தூத்துக்குடிக்காரி. இசக்கிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அந்தத் துறையில் இருவரும் இயல்பாகப் பேசிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடம் கருவி அறை.

"யக்கா, மனசத் திடப்படுத்திக்கிடுங்க."

"என்னட்டி, படம் எரிஞ்சு போச்சா?"

"எரிஞ்சிருந்தா நல்லாருக்கும். ஒங்க வைவாவுக்கு ஒரு அன்பளிப்பா இருக்கட்டும்னு பச்சைக் கதவப் போட்டுப் பாத்தேன். பதினோரு நிமிசம் அசையாத ஷாட்டு, கருவிக்கு விருந்துல்லா. அம்புட்டும் வந்துட்டு. சத்தத்தோட."

"சத்தமா? அது ஊமையா எடுத்து வீணையச் சேத்த காட்சிலா?"

"மாவிலை இருக்குல்லா. ஆளுங்க போட்ட சத்தத்துல அது ஆடுது. ஆட்டத்த அளந்தா சத்தம் திரும்பி வந்துரும். காத்தே இல்லாம இலை எப்படி ஆடுதுன்னு நீங்க நாப்பது பக்கம் எழுதிருக்கீங்களே."

"நாப்பத்தி மூணு," என்றாள் இசக்கி. குரல் இறங்கியிருந்தது.

திரையில் பச்சைக் கதவு ஓர் ஓரமாக ஒதுங்க, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கூடம் மெல்ல விரிந்தது. அறுபது பேர் நின்றார்கள். கேமராவுக்கு மாலை, தட்டில் தேங்காய், ஊதுபத்தி. பூஜை நாள். நடுவில் வெள்ளை வேட்டியில் மணிக்கட்டைப் பார்த்தபடி ஒருவர். தயாரிப்பாளர் பொன்னுரங்கம். மாவிலை வழியாக வந்த குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"கேமராவ ஓட்டுய்யா. மணி பத்து இருபத்திநாலு. பத்தரைக்கு ராகு காலம்."

"ஹீரோ வரலையே சார். டைரக்டரும் இல்லையே," என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்த உருவம்.

"டைரக்டரத்தான் ஹீரோவக் கூட்டியார அனுப்பியிருக்கேன். வர்றப்ப வரட்டும். நல்ல நேரத்துல ஆரம்பிச்சதா இருக்கணும்."

"வெறும் கதவையா எடுக்கறது?"

"அவன் அந்தக் கதவு வழியாத்தானய்யா வரணும். எடு."

மூன்றாவது நிமிடத்தில், "நிறுத்தட்டுமா சார்?"

"நிறுத்தினா மறுபடி ராகு காலத்துல ஆரம்பிக்கணும். ஹீரோ இல்லாம மொத ஷாட்டுன்னா படம் வெளங்குமா? ஓடட்டும்."

ஐந்தாவது நிமிடத்தில் யாரோ பொங்கல் ஆறுகிறது என்றார்கள். ஏழாவது நிமிடத்தில் மாவிலைகள் கிடுகிடுவென்று ஆடின. இசக்கி தன் ஆய்வேட்டில் 'நாகரிகத்தின் உச்ச நடுக்கம்' என்று குறித்திருந்த இடம் அது. "அந்தத் தடிப்பய இன்னுமா வரல?" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

பத்தாவது நிமிடத்தில் கதவு திறந்தது. நாயகன் மூச்சு வாங்க உள்ளே வந்தான். பொன்னுரங்கத்தைப் பார்த்தான். தலையைக் குனிந்தான். "வண்டி பஞ்சர் மொதலாளி," என்றான். அவனுக்குப் பின்னால், கதவு மறைவில், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கையெல்லாம் கரியாக நின்றார் மேதை நீலமேகம்.

"சுருள் தீரப்போகுது சார்," என்றார் ஒளிப்பதிவாளர். மரணம் கவிவதற்கு முன் கடைசியாகப் பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது. "பூஜை ஷாட்டு. இதுல ஓரடி கூட கத்திரி படக் கூடாது. அப்படியே படத்துல இருக்கணும்."

இசக்கி சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஞாபகம் வந்தது.

"மூணு நாளு கழிச்சுப் பாத்திருக்கக் கூடாதாட்டி ஒனக்கு."

"நான் வெளிய சொல்ல மாட்டேன்க்கா. ஆனா கருவில பாத்தது அம்புட்டும் ஒண்ணாந்தேதி பொதுக் காப்பகத்துல தானா ஏறிரும். அப்ப ஊரே பாக்கும்."

அதாவது, வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டால் பட்டம் உண்டு, வேலை உண்டு. ஒண்ணாந்தேதி முதல் கோவில்பட்டியில் அவள் நடக்கிற வராந்தாவிலெல்லாம் மாணவர்கள் மாவிலை கட்டிவைப்பார்கள். வாயைத் திறந்தால் ஆய்வேடு விழும். ஒன்பது வருஷமும் கூடவே விழும்.

சிற்சபேசனிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"மாவிலை கூடவா?"

"ஆமா சார். அதுதான் சார் மொத்தத்தையும் சொல்லிருச்சு."

"இசக்கி, தகவல் வேற, உண்மை வேற."

"இது எதுங்க சார்?"

"இது இடையூறு. பட்டம் வாங்கு, அப்புறம் ஆராயலாம். நீலமேகம் காலத்தையே மறுத்த நவீனர்மா. ராகு காலம், எமகண்டம்னு அவரைக் கொண்டுபோய் ஒரு நாள்காட்டியில அடைக்கறது அவருக்குச் செய்யற அவமானம்." எழுந்து ஜன்னலருகே போனார். "சரி, வெள்ளிக்கிழமை பத்து பத்துக்கு எல்லாரும் வந்துடணும். எப்படியும் பத்தரைக்கு முன்னாடி ஆரம்பிச்சிடணும்."

"பதினொண்ணுன்னு போட்டிருக்கே சார் அழைப்புல."

"மாத்தச் சொல்லிட்டேன்."

"ஏன் சார்?"

"நிர்வாகக் காரணம்," என்றார் சிற்சபேசன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. வாய்மொழித் தேர்வு என்றால் ஆய்வாளர்தான் டிபன் சொல்ல வேண்டும், ஆய்வாளர்தான் கூட்டம் சேர்க்க வேண்டும், கூட்டம் கேட்கும் கேள்விகளையும் ஆய்வாளரேதான் துண்டுச்சீட்டில் எழுதி முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். இசக்கி நான்கு சீட்டு கொடுத்திருந்தாள். விதிப்படி ஒரு கேமரா முக்காலியில் நிறுத்தப்பட்டு, மேடையையும் பக்கத்துக் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் தொடக் கூடாது. திருத்தப்படாத பதிவு பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற வேண்டும்.

எல்லாம் இருந்தது. புறத்தேர்வாளர் இல்லை.

அவர் முனைவர் கலாதரன். புனேயில் இருபது வருஷம் சினிமா கற்பித்தவர். பேசினால் ஒவ்வொரு சொல்லும் மடிப்புக் கலையாமல் வரும். அவர் ஏறிய ஆட்டோ பல்கலைக்கழகத்தின் வேறு வாசலில் விட்டுவிட்டதாகத் தகவல் வந்தது.

மணி பத்து இருபத்திரண்டு. சிற்சபேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சார், எக்ஸ்டர்னல் வரட்டுமே," என்றார் துறை எழுத்தர்.

"வர்றப்ப வரட்டும். ஆரம்பிச்சிடுவோம்."

இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சிற்சபேசன் வரவேற்றார். வந்தவர்களை வரவேற்றார், வர இருப்பவரை வரவேற்றார். சினிமாவை எப்படிப் படிப்பது என்று தொடங்கினார். வகைமை என்றால் என்ன, புராணப் படம், சமூகப் படம், மர்மப் படம், புராணமா சமூகமா என்று எடுத்தவருக்கே தெரியாத மர்மப் படம். உத்தி என்றால் என்ன, அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி. உட்பொருள் என்றால் என்ன. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கதவைப் பார்த்தார். ஆறாவது நிமிடத்தில் பேச ஒன்றுமில்லாமல் தண்ணீர் குடித்தார். சீட்டு வாங்கியிருந்த நூலகர் அதைத் தன் முறை என்று நினைத்து எழுந்து, "இந்த ஆய்வை எதிர்காலத்துல எப்படி விரிவாக்கலாம்?" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். ஆய்வு இன்னும் தொடங்கியிருக்கவில்லை. டிபன் பொறுப்பாளர் எட்டிப்பார்த்து இட்லி ஆறுகிறது என்று சைகை காட்டினார். பேராசிரியர் மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்து, மௌனப் படக் காலத்திலிருந்து ஆரம்பித்தார்.

பதினோராவது நிமிடத்தில் கதவு திறந்தது. கலாதரன் மூச்சு வாங்க நின்றார். சிற்சபேசனைப் பார்த்தார். தலையைக் குனிந்தார்.

"வாசல் மாறிடுச்சு சார்," என்றார், மடிப்பெல்லாம் கலைந்து.

பின்வரிசையில் டெல்பின் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இசக்கி இருபது நிமிடம் ஆய்வைச் சுருக்கிச் சொன்னாள். கலாதரன் அதற்குள் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதல் கேள்வியே அதுதான்.

"பதினோரு நிமிடம். பத்து அல்ல, பன்னிரண்டும் அல்ல. அந்தக் கால அளவின் தத்துவார்த்த நியாயம் என்ன?"

அதற்கு இரண்டு பக்கப் பதில் மனப்பாடமாக இருந்தது. சிற்சபேசன் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். இசக்கிக்குக் கோவில்பட்டி உத்தரவு ஞாபகம் வந்தது. மகள் ஞாபகம் வந்தது. பிறகு ஏனோ, ஆறிப்போன பொங்கலுக்கு முன்னால் காத்து நின்ற அறுபது பேர் ஞாபகம் வந்தார்கள்.

"ஆயிரம் அடிச் சுருள் அவ்வளவுதான் சார் ஓடும்," என்றாள்.

அவள் டெல்பினுக்குக் கை காட்டினாள். பச்சைக் கதவு ஒதுங்கி, பூஜைக் கூட்டம் விரிந்தது. முதல் நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் முன்னால் சிரிப்பது முறையல்ல. "தடிப்பய" என்ற இடத்தில் முறை உடைந்தது. நூலகர் எழுந்து நின்று சிரித்தார். சிற்சபேசன் மட்டும் மேஜைமேல் இருந்த தன் நூலின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கலாதரன் காத்திருந்து கேட்டார். "அப்படியானால் உங்கள் ஆய்வேடு?"

"பாதி நிக்கும் சார். வகைமை தப்பு. மந்தகதிச் சினிமான்னு எழுதிட்டேன், அது ஆவணப்படம். தமிழ்நாட்டுல ஒரு படம் எப்படித் தொடங்கும்னு நடிப்பே இல்லாம எடுத்த ஒரே பதிவு. உத்தி சரிதான், என்ன, உத்தியக் கண்டுபிடிச்சது பஞ்சாங்கம். உட்பொருள் காத்திருப்பும் குற்ற உணர்வும்னு எழுதியிருக்கேன். அது எங்கயும் போகல. அந்த முகத்துல இருக்கறது அசல் குற்ற உணர்வு சார். அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் அது நம்மள என்னமோ செய்யுது."

"உங்கள் நெறியாளரின் கோட்பாடு?"

கூடம் சிற்சபேசனைப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. அவர் எதிர்த்து ஒரு வரி எழுதினால் போதும், ஆய்வேடு இன்னும் இரண்டு வருஷத்துக்குத் திருத்தத்துக்குப் போய்விடும்.

இசக்கி அந்த நூலை எடுத்துப் புரட்டினாள். "ஐந்தாம் அத்தியாயம் சார். 'இந்தக் காட்சியில் இயக்குநர் இல்லை, கேமரா மட்டுமே இருக்கிறது.' கருவி வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி எழுதியிருக்காங்க. உலகத்துல வேற யாருமே சொல்லல. இயக்குநர் இல்லதான் சார். பஞ்சர் பாத்துக்கிட்டு இருந்தாரு."

சிற்சபேசனின் தலை மெல்ல நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. கண்ணாடி தன் இடத்துக்கு வந்தது.

"நான் இதை அப்போதே சுட்டிக்காட்டினேன்," என்றார். "யாரும் கவனிக்கவில்லை."

கலாதரன் வாய்மூடிச் சிரித்தார். பிறகு இசக்கியின் பக்கம் குனிந்து, மடிப்பில்லாத தமிழில் கேட்டார். "நான் உள்ள வந்தப்ப எப்படிம்மா நின்னேன்?"

"அதே மாதிரி சார்."

"இங்க எப்ப ஆரம்பிச்சாங்க?"

"பத்து இருபத்திரண்டு சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இன்று என்ன கிழமை என்று விரல்விட்டுப் பார்த்தார், தோள் குலுங்கக் கையெழுத்துப் போட்டார். திருத்தம் ஒன்றே ஒன்று. தலைப்பில் 'மந்தகதிச் சினிமா' என்பதை அடித்துவிட்டு 'ஆவணப்படம்' என்று எழுத வேண்டும். ஆறிய இட்லியை எல்லோரும் சூடாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இசக்கி கோவில்பட்டியில் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் வகுப்பில் எந்தப் படத்தையும் இரண்டு முறை போடுவாள், முதலில் சட்டகத்தோடு, பிறகு இல்லாமல். இரண்டையும் பார்த்துவிட்டு எழுதினால்தான் மதிப்பெண்.

போன வாரம் பட்டச் சான்றிதழ் வாங்கச் சென்னை வந்தவளை டெல்பின் கருவி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். திரையில் குளிர் தேசத்து அரங்கம் ஒன்று நேரலையில் தெரிந்தது. பல்கலைக்கழகத் தளத்தில் திருத்தப்படாமல் ஏறிய வாய்மொழித் தேர்வுப் பதிவை யாரோ பார்த்து, முதல் பதினோரு நிமிடத்தை மட்டும் தனிப் படமாக விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வராத ஒருவருக்காகப் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர். வார்த்தை தீர்ந்த இடத்தில் தண்ணீர். காரணமே இல்லாமல் எழுந்து எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு உட்காரும் ஒரு மர்ம மனிதர். கடைசியில் திறக்கும் கதவு. அரங்கம் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது.

மேடையில் கம்பளிக் கோட்டில் பேராசிரியர் சிற்சபேசன்.

"ஏன் பதினோரு நிமிடம்?" என்று கேட்டாள் அந்த ஊர்ப் பெண். மொழிபெயர்ப்பு அடியில் ஓடியது.

சிற்சபேசன் கொஞ்ச நேரம் யோசித்தார். "காலத்தைக் காட்ட நினைத்தேன்," என்றார்.

டெல்பின் கருவியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். "அதே பதிவு என்கிட்டயும் இருக்குக்கா. எட்டிப்பாருல போட்டா மேசைக்கடியில அவரு கை என்ன செஞ்சுதுன்னு அம்புட்டும் வரும். நாள்காட்டித் தாள வச்சிருந்தாரு, நான் கண்ணால பாத்தேன். போட்டு அனுப்பட்டா?"

"வேண்டாம்ட்டி."

"ஒங்க பொழப்பக் கெடுக்கப் பாத்தவருக்கா."

"கெடுக்கலல்லா. ஆய்வேடுன்னா போட்டுப் பாக்கணும். இது ஒரு மனுசன் மேடையில நிக்குதது. கோட்டப் பாரு, எவ்வளவு பெருமையா இருக்கு அவருக்கு. நீலமேகமும் அப்படித்தான் நின்னிருப்பாரு."

அரங்கத்தில் அந்தப் பெண் அடுத்த கேள்வி கேட்டாள். சரியாக அந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

சிற்சபேசன் இந்த முறை யோசிக்கவே இல்லை. "பத்து இருபத்திரண்டு," என்றார். "பத்தரையைத் தாண்டியிருந்தால் எல்லாமே கெட்டிருக்கும்."

அரங்கம் மறுபடி எழுந்து நின்றது. அவர் சொன்னதில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் சுத்தமான உண்மை என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த இசக்கியம்மாள், சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தானும் கை தட்டினாள்.